காருக்குள் வீசும் புகைநாற்றம்

ஞாயிறு காலை வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் குடும்பத்துடன் புறப்படுகிறோம். காலி வீதி நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்க, உள்ளே ஒரு நாற்றம் எழுகிறது. முன்னே செல்லும் பஸ்ஸின் மேற் பழிபோட்டுக் கண்ணாடியை ஏற்றிவிடுகிறோம். பஸ் அகன்ற பின்னும் நாற்றம் நின்றால், குற்றம் நம் வண்டியினதே.

முதலில் மூக்கை நம்புவோம். அழுகிய முட்டை நாற்றமாயின் அது ஐதரசன் சல்பைட்டு. பெற்றோலிலுள்ள கந்தகம் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியில் அவ்வாறு உருமாறுகிறது. எப்போதாவது வீசினால் பொருட்படுத்த வேண்டியதில்லை; ஓயாது வீசினால் எரிபொருட் கலவையோ மாற்றியோ பழுது. (ஈயம் அம்மாற்றியைக் கெடுத்துவிடும், இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002இல் ஒழிந்தது நல்லதாயிற்று.) நீலப்புகையுடன் கருகல் நாற்றம் வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது.

ஆனால், நாம் அஞ்ச வேண்டியது நாற்றமே இல்லாத காபனோரொட்சைட்டுக்கு. அது குருதியின் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். பின்னாசனத்திற் பிள்ளைகள் தூங்கி வழிவதை வெறுங் களைப்பென்று எண்ணிவிடலாகாது. தலைவலியும் குமட்டலும் கூடினால் வண்டியை நிறுத்தி எல்லோரும் இறங்கிவிட வேண்டும். பின்பு வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

கடலோர வெள்ளவத்தையில் உப்புக்காற்று சைலன்சரை விரைவில் அரிக்கும். குளிர்ந்த எஞ்சினைத் திறந்த வெளியில் இயக்கி, சீறும் ஒலி கேட்கிறதா, குழாய்ப் பொருத்துகளில் கரி படிந்துள்ளதா என்று பார்க்கலாம். வண்டிக்கு அடியிற் புகுவது மெக்கானிக்கின் வேலை. பின்கதவின் இறப்பர்ப் பட்டி கிழிந்திருந்தாலும், வண்டி ஓடுகையிற் புகை உள்ளே இழுபடும். ஓட்டை விழுந்த துண்டுக்கு ஒட்டுப்போடாது, அதை மாற்றிவிடுவதே மேல்.