வான்வழித் தூரமும் பிரயாண நேரமும்

பெங்களூர் விவேக் நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் ஹெச்.ஏ.எல். விமான நிலையம் உள்ளது. 2008ஆம் ஆண்டு மே மாதம் வரை நகரின் பிரயாணி விமானங்கள் இங்கேதான் இறங்கின. பின்னர் தேவனஹள்ளியில் அமைந்த புதிய நிலையத்திற்கு மாறின. அந்நிலையத்தில் 2021 ஜனவரி 11ஆம் தேதி விடியுமுன், அமெரிக்காவின் ஸான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏர் இந்தியா விமானம் ஒன்று இடையில் எங்கும் நில்லாமல், வட துருவப் பகுதியின் மேலாக வந்து சேர்ந்தது. அதனைச் செலுத்திய விமானிகள் அனைவரும் பெண்கள்.

இவ்விரு நகரங்களுக்கும் இடையே எது குறுக்கு வழி? தேசப்படத்தில் அளவுகோலை வைத்தால் கோடு ஆப்பிரிக்காவையும் அட்லாண்டிக் சமுத்திரத்தையும் கடந்து செல்லும். ஆனால் பூமி தட்டையன்று. பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது திபெத்து, கிழக்குச் சைபீரியா, அலாஸ்கா வழியாகச் செல்வது காணலாம். இதன் நீளம் சுமார் 14,000 கிலோமீட்டர். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் செய்து காட்டலாம்.

எனினும், மிகக் குறுகிய வழியே மிக நல்ல வழி என்று கொள்ளலாகாது. விமானத்தினுள் காற்றழுத்தம் குறையுமாயின், பிரயாணிகள் சுவாசிக்கும் பொருட்டு விமானம் விரைவில் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்திற்கு இறங்க வேண்டும். திபெத்துப் பீடபூமியின் சராசரி உயரமோ 4,500 மீட்டருக்கும் அதிகம். ஆகவே உயிர்ச்சேதம் நேராதிருக்க, நூல் காட்டும் வழியை விட்டு விலகிச் செல்லுதல் அவசியமாகிறது. துருவ வழியிலும் இடர்கள் உண்டு: கடுங்குளிரில் எரிபொருள் உறையாதபடி கவனிக்க வேண்டும், அவசரமாக இறங்குதற்கேற்ற நிலையங்களும் அங்கு மிகச் சில.

இனி நேரத்தைக் கணக்கிடுவோம். அட்டவணைப்படி அவ்விமானம் ஜனவரி 9ஆம் தேதி இரவு 8.30க்குப் புறப்பட்டு, 11ஆம் தேதி காலை 3.45க்குச் சேரவேண்டும். இரு தேதிகள் கடந்தனவாகத் தோன்றினும், இந்திய நேரம் 13½ மணி முந்தியது. எனவே புறப்பட்ட வேளை, நம் கடிகாரப்படி 10ஆம் தேதி காலை 10 மணி. உண்மைப் பிரயாணம் 17 மணி 45 நிமிஷமே. எதிர்த் திசையில், பெங்களூரில் 11ஆம் தேதி பகல் 2.30க்குப் புறப்படும் விமானம் அதே தேதி மாலை 5 மணிக்கு அங்கே சேருவதாகக் குறிக்கப்பட்டிருந்தது. இதனை இரண்டரை மணிப் பிரயாணம் என எண்ணுவது பிழை. 13½ மணியைக் கூட்டினால் 16 மணி ஆகும்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 14,000 கிலோமீட்டரைக் கடக்க சுமார் 15½ மணி போதும். மீதி நேரம் வளைந்து செல்வதாலும், ஏறி இறங்குவதாலும் உண்டாவது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று, பசிபிக் வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் விமானத்தை உந்தித் தள்ளுகிறது. திரும்பி வரும் விமானத்திற்கு அத்துணை கிட்டுவதில்லை. ஆகவே தூரத்தை வேகத்தால் வகுத்து வரும் விடையோடு, காற்று, மலை, கடிகாரம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தலே சரியான கணக்காகும்.