கோஷ்டியில் உங்கள் குரலும் சேரட்டும்!

மார்கழி பிறந்துவிட்டால் போதும். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும், காவிரிக்கு இக்கரையில் திருச்சியிலும், விடியுமுன்பே திருப்பாவை கேட்கத் தொடங்கிவிடும். பெண்கள் ஐந்தாறு பேர் கூடினால் ஒரு கோஷ்டி. அந்தக் கோஷ்டியில் அநேகமாக ஒரு மாமி இருப்பார். வாய் அசையும், சத்தம் வராது. கேட்டால், "எனக்குச் சாரீரம் ஏது? ஏதோ கூட உட்கார்ந்திருக்கிறேன்" என்பார்.

அந்த மாமி நீங்களேதானா? அப்படியானால் ஒரு நல்ல செய்தி. குற்றம் உங்கள் சாரீரத்தில் இல்லை; சுருதிப் பெட்டியில் இருக்கலாம்!

எத்தனை கட்டை?

ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை 'ஸி'யிலிருந்து எண்ணினால் ஒன்று முதல் ஏழு வரை வரும். ஆண்கள் பெரும்பாலும் ஒன்றைச் சுற்றியும், பெண்கள் ஐந்தைச் சுற்றியும் சுருதி வைத்துக்கொள்கிறார்கள். ஐந்து கட்டை ஸட்ஜத்தில் உங்கள் குரல் நாண்கள் விநாடிக்கு 196 தடவை அதிர்கின்றன. மேல் ஸட்ஜத்தில் அது இரட்டிப்பாகி 392. அதற்கும் மேலே உள்ள பஞ்சமத்தில் 588! சுருதியை ஆறரைக் கட்டைக்கு ஏற்றினாலோ, அதே பஞ்சமம் 700-ஐத் தொட்டுவிடும். மாமியின் குரல் காணாமற் போவது இங்கேதான்.

சங்கீதம் தெரிந்த ஒருவரின் சுருதியை எல்லோருக்கும் வைப்பது, ஒருவர் அளவுக்குத் தைத்த ரவிக்கையை ஊருக்கெல்லாம் மாட்டுவது போலத்தான். பாட்டின் உச்ச ஸ்வரத்தை, கோஷ்டியிலேயே கனத்த குரல் உள்ளவரைப் பாடச் சொல்லுங்கள். சிரமமில்லாமல் வருகிறதா? கீழ் ஸ்வரங்கள் மற்றவர்களுக்கும் தெளிவாகக் கேட்கின்றனவா? அதுதான் உங்கள் கோஷ்டியின் சுருதி.

எந்தப் பாட்டில் தொடங்குவது?

கோவிலில் திருப்பாவையைச் சேவிப்பது வேறு. ராகத்தில் பாடுவது வேறு. கச்சேரிகளிலும் வீடுகளிலும் வழங்கும் மெட்டுக்கள் பெரும்பாலும் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967) அமைத்தவை. எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் அவை வீட்டுக்கு வீடு பரவின. முதல் ஐந்து பாசுரங்களுக்கும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று, தியாகராஜரின் பஞ்சரத்தினத்துக்கு உள்ள ராக வரிசையே அமைந்திருக்கிறது.

புதிதாகப் பழகுகிறவர்கள் மூன்றாம் பாசுரமான ஆரபியில் தொடங்கலாம். நான்காவதான வராளியில் கொஞ்சம் ஜாக்கிரதை! அதன் மத்தியமம் பஞ்சமத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பத்துப் பேர் பாடும்போது பத்து மத்தியமம் கேட்கும். அந்த இடத்தை மட்டும் தனியே எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பாடிப் பழகுங்கள்.

மூச்சும் காதும்

மூச்சு இழுக்கும்போது தோள் உயர்ந்தால், அது மேலோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். விலாவும் வயிறும் விரிய வேண்டும். பக்கத்தில் இருப்பவர் மூச்சு வாங்கும் இடத்தில் நீங்களும் வாங்காதீர்கள். முறை மாற்றி வாங்கினால் பாட்டு அறுபடாமல் ஓடும். ஆனால், ஒரு சொல்லின் நடுவில் மட்டும் மூச்சு வாங்கக் கூடாது, பொருள் கெட்டுவிடும்.

விடியற்காலைக் குளிரில் எடுத்தவுடன் மேல் ஸ்தாயிக்குப் போக வேண்டாம். வாயை மூடி மெல்ல முனகி, கீழ் ஸ்தாயியில் சரளி வரிசையை இரண்டு தடவை பாடினால் தொண்டை இளகிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது காது. பக்கத்தில் இருப்பவரின் குரல் உங்களுக்குக் கேட்கவில்லையா? நீங்கள் உரக்கப் பாடுகிறீர்கள்! உங்கள் குரலே உங்களுக்குக் கேட்கவில்லையா? அவர் உரக்கப் பாடுகிறார்!

மேல்நாட்டு முறையில் பாடும் தேவாலயப் பாடகர் குழுக்களில், கனத்த குரல் உள்ள பெண்களுக்கு 'ஆல்டோ' என்று தனி வழி உண்டு. சென்னையில் 1970-களில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நடத்திய எம்.பி. ஸ்ரீநிவாசன், பாரதியின் பாடல்களையும் இப்படிப் பல குரல்களுக்குப் பிரித்துப் பாட வைத்தார். நம் கோஷ்டியில் அந்தச் சௌகரியம் இல்லை. எல்லோருக்கும் ஒரே ஸ்வரம். ஆகையால்தான் சுருதியைப் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது.

நாளைக் காலை சுருதியை அரைக் கட்டை இறக்கிப் பாருங்களேன். இத்தனை நாள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த மாமியிடமிருந்து என்ன வருகிறதென்று கேளுங்கள்!