கெல்டியர் கல்லெழுத்தும் மெழுகுப் படியும்

அயர்லாந்திலும் வேல்ஸ் நாட்டிலும் பண்டைக் கெல்டிய மக்கள் நாட்டிய எழுத்துக் கற்கள் பல இன்றும் நிற்கின்றன. அவற்றின்மேல் தாளை விரித்து, கரிய மெழுகுக் கட்டியால் மெல்லத் தேய்த்தால், கல்லின் மேடு கருமையாகவும் வெட்டிய பள்ளம் வெண்மையாகவும் தாளிற் பதியும். இதனை மெழுகுப் படி எனலாம். இப்படிகளைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சேர்ப்போர் உளர். அச்சேகரிப்பு சுவருக்கு அணியாக மட்டும் அமையுமா, அறிவுக்கும் துணையாகுமா என்பதே ஈண்டு நாம் எண்ணத்தக்கது.

முதற்கண் எழுத்தின் இயல்பை அறிதல் வேண்டும். கி.பி. 4ஆம் நூற்றாண்டு முதல் 7ஆம் நூற்றாண்டு வரை கற்களிற் பொறிக்கப்பெற்ற ஓகம் எழுத்துகள் அடிப்படையில் 20. கல்லின் விளிம்பே அவற்றிற்கு நடுக்கோடு. அதன் வலப்புறமோ இடப்புறமோ குறுக்கேயோ ஒன்று முதல் ஐந்து கீறல்கள் வெட்டி எழுத்தை அமைத்தனர். பெரும்பாலும் கீழிருந்து மேலாகப் படித்தல் வேண்டும். இன்னாரின் மகனாகிய இன்னாருடையது என்னும் அளவில், பெயர்களே மிகுதியாகக் காணப்படும். இத்தகைய கற்கள் ஏறத்தாழ 400 கிடைத்துள்ளன.

எழுத்து இரு முகங்களிலும் பரவுவதால் தாளை விளிம்பின்மேல் மடித்தே படி எடுத்தல் வேண்டும். அதனை விரித்துச் சட்டமிடும்போது விளிம்பு இருந்த இடத்தைக் குறியாவிடின், கீறல் எப்பக்கத்தது என்பது மயங்கும், எழுத்தே வேறாகிவிடும்.

படியின் அருமைக்கு வேல்ஸ் நாட்டு எலிசெக் தூண் சான்று பகரும். 9ஆம் நூற்றாண்டில் கிங்கன் என்னும் மன்னன் தன் முன்னோன் நினைவாக நாட்டிய தூண் அது. அதன் இலத்தீன் வாசகத்தை 1696இல் எட்வர்டு லூயிட் என்னும் அறிஞர் கையாற் பார்த்தெழுதினார். இன்று கல்லில் எழுத்து பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. அவர் எழுதிய படியால்தான் அவ்வரச மரபின் செய்தி நமக்கு எட்டியுள்ளது.

ஆயினும் தேய்ப்பதிலும் தீங்கு உண்டு. நலிந்த கல் துகளாக உதிரும், மெழுகு கறைபடுத்தும். 21ஆம் நூற்றாண்டில் டப்ளின் உயர் ஆய்வு நிறுவனத்தார் ஓகம் கற்களைத் தாளால் தீண்டாமல், ஒளியால் அளந்து முப்பரிமாண உருவங்களாகப் பதிவு செய்தனர்.

ஆகவே, சேகரிப்போர் புதிதாகத் தேய்ப்பதை விடுத்து, முன்னோர் எடுத்த படிகளைத் தேடிக் காத்தல் நன்று. வெயில் படாத சுவரில் மாட்டுக. கல் நின்ற ஊர், படி எடுத்த ஆண்டு, எடுத்தவர் பெயர், விளிம்பின் இடம் ஆகியவற்றைச் சட்டத்தின் பின்புறம் தவறாது எழுதி வைத்திடுக. கல் தேய்ந்த பின்னரும் அப்படி ஆராய்வார்க்குப் பயன்படும்.