தலைவெட்டி முனியப்பன் புத்தர் ஆனது எப்படி? புத்தர் சிலைகள் சொல்லும் ரகசிய மொழி

சேலம் பெரியேரியில் ஒரு சின்னக் கோயில். உள்ளே கல்லில் அமர்ந்திருப்பவர் தலைவெட்டி முனியப்பன். அப்படித்தான் ஊர் மக்கள் காலங்காலமாகக் கும்பிட்டு வந்தார்கள். ஆனால் அது முனியப்பன் இல்லை, புத்தர் என்று சொல்லி, சேலத்தைச் சேர்ந்த பௌத்த அமைப்பு ஒன்று 2011ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்ற உத்தரவுப்படி தமிழ்நாடு தொல்லியல் துறை சிலையை ஆய்வு செய்து அறிக்கை கொடுத்தது. 2022 ஜூலையில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார்: அது புத்தர் சிலைதான்.

கல் வாய் திறந்து பேசாது. அப்புறம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பதில் அந்தச் சிலையின் தலையிலும் கையிலும் காலிலும்தான் இருக்கிறது. பௌத்தச் சிற்பத்தில் எதுவும் சும்மா அழகுக்காகச் செதுக்கப்படுவதில்லை.

முதலில் சிலையே கிடையாது

புத்தர் மறைந்து சில நூற்றாண்டுகள் வரை அவரை மனித உருவத்தில் காட்டும் வழக்கம் இருக்கவில்லை. சாஞ்சி, பார்குத் சிற்பங்களைப் பாருங்கள். சுற்றி நிற்பவர்கள் கைகூப்பி நிற்பார்கள். நடுவில் புத்தர் இருக்க வேண்டிய இடத்தில் காலி ஆசனமோ, பாதச் சுவடோ மட்டும் இருக்கும். போதி மரம் என்றால் ஞானம் பெற்ற நிகழ்வு. சக்கரம் என்றால் முதல் உபதேசம். ஸ்தூபி என்றால் மறைவு.

கி.பி. முதல் நூற்றாண்டு வாக்கில் மதுராவிலும், இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதியில் இருந்த காந்தாரத்திலும் மனித உருவச் சிலைகள் பரவலாக வரத் தொடங்கின. ஆனாலும் பழைய அடையாள மொழி போய்விடவில்லை. அது புத்தரின் உடம்புக்கே இடம் மாறியது, அவ்வளவுதான்.

தலையில் என்ன இருக்கு?

மகாபுருஷருக்கு 32 லட்சணங்கள் உண்டு என்கின்றன பௌத்த நூல்கள். அவற்றில் சிலதான் சிலைகளில் தெளிவாகத் தெரியும்.

உச்சந்தலையில் கொண்டை போல ஒரு மேடு இருக்கும். அதற்குப் பெயர் உஷ்ணீஷம். ஞானத்தின் அடையாளம். நாகப்பட்டினத்தில் கிடைத்த சோழர் காலத்துச் செப்புப் படிமங்களில் இந்த மேட்டுக்கு மேலே தீச்சுடர் ஒன்று எரிவதுபோல் இருக்கும். 1856 முதல் அங்கே சுமார் 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. அவற்றில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

புருவங்களுக்கு நடுவே சின்னப் பொட்டு போல இருப்பது ஊர்ணம். அது பொட்டு இல்லை, சுருண்ட ரோமம். அப்போ தோள் வரை தொங்கும் காது? சித்தார்த்தர் இளவரசராக இருந்தபோது போட்ட கனமான நகைகளால் காது மடல் நீண்டது. துறவு பூண்டபோது நகையைக் கழற்றிவிட்டார். நீண்ட வெறும் காது அவர் எதையெல்லாம் விட்டுவந்தார் என்பதைச் சொல்கிறது.

கை சொல்லும் கதை

புத்தர் சிலையைப் பார்த்தால் முதலில் கையைப் பாருங்கள். அது வாழ்க்கையின் எந்தத் தருணம் என்று கை சொல்லிவிடும்.

தியான முத்திரை: இரண்டு உள்ளங்கைகளும் மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். ஆழ்ந்த தியானம்.

பூமிஸ்பரிச முத்திரை: வலது கை முழங்காலைத் தாண்டித் தரையைத் தொடும். ஞானம் பெறும் நேரத்தில் மாரன் வந்து, உனக்கு யார் சாட்சி என்று கேட்க, பூமியைத் தொட்டு அதையே சாட்சிக்கு அழைத்தார் என்பது கதை. புத்தகயா மகாபோதி கோயிலின் மூலச் சிலை இப்படித்தான் இருக்கிறது.

தர்மசக்கர முத்திரை: மார்புக்கு நேரே இரு கை விரல்களும் சக்கரத்தைச் சுழற்றுவதுபோல் இருக்கும். சாரநாத்தில் ஐந்து சீடர்களுக்குச் சொன்ன முதல் உபதேசம். அங்கே கிடைத்த 5ஆம் நூற்றாண்டுச் சிலையின் பீடத்தில் சக்கரமும் அந்த ஐந்து பேரும் இருப்பார்கள்.

அபய முத்திரை: வலது கை உயர்ந்து, உள்ளங்கை நம்மைப் பார்த்து இருக்கும். பயப்படாதே என்று அர்த்தம். நடராஜரின் வலது கை ஒன்றிலும் இதே முத்திரைதான்.

படுத்திருப்பது ஓய்வா, மறைவா?

குசிநகரில் புத்தர் வலப்பக்கமாகப் படுத்திருக்கிறார். அது தூக்கமல்ல, பரிநிர்வாணம். இலங்கை பொலன்னறுவையில் உள்ள கல் விகாரையின் 12ஆம் நூற்றாண்டுச் சிலை சுமார் 14 மீட்டர் நீளம். அதன் மேல் பாதம், கீழ்ப் பாதத்தைவிடச் சற்றே உள்வாங்கி இருக்கும். இரண்டு பாதமும் சமமாக இருந்தால் ஓய்வு, சற்றே விலகியிருந்தால் மறைவு என்று இலங்கையில் விளக்கம் சொல்வார்கள்.

சிரிக்கும் புத்தர் யார்?

வீட்டு ஷோகேஸில் தொப்பையோடு சிரிப்பவர் கௌதம புத்தர் இல்லை. அவர் 10ஆம் நூற்றாண்டு வாக்கில் சீனாவில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் புதாய் என்ற துறவி. இனி வரப்போகும் மைத்ரேய புத்தரின் வடிவமாக அவரைச் சீன மக்கள் கருதுகிறார்கள். உஷ்ணீஷம் இல்லாத மொட்டைத் தலையே அவர் வேறு ஆள் என்று காட்டிவிடும்.

புத்தரா, சமணரா?

தமிழ்நாட்டில் அடிக்கடி வரும் குழப்பம் இது. இருவருமே கால் மடக்கித் தியானத்தில் இருப்பார்கள். தலைக்கு மேல் முக்குடை இருந்து, உடலில் ஆடை இல்லை என்றால் சமணத் தீர்த்தங்கரர். இடது தோளிலிருந்து ஆடை மடிப்பு இறங்கி, தலையில் உஷ்ணீஷம் இருந்தால் புத்தர்.

மறுபடி சேலத்துக்கு வருவோம்

பெரியேரி சிலை தாமரைப் பீடத்தில் அர்த்த பத்மாசனத்தில் அமர்ந்திருக்கிறது, கைகள் தியான முத்திரையில் உள்ளன என்றது தொல்லியல் துறை அறிக்கை. தலையில் சுருள் முடி, உஷ்ணீஷம், நீண்ட காது. நெற்றியில் ஊர்ணம் மட்டும் தெரியவில்லை. பெயருக்கு ஏற்றபடி தலை துண்டாகி, பின்னர் சிமென்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டப்பட்டிருந்தது.

புத்தர் என்று தெரிந்த பிறகும் முனியப்பனாக நடத்துவது பௌத்தக் கொள்கைக்கே எதிரானது என்றது நீதிமன்றம். இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ள வேண்டும், புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும், மக்கள் வந்து பார்க்கலாம், ஆனால் பூஜை கூடாது என்று உத்தரவிட்டது. தலைமுறைகளாகக் கும்பிட்டவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அவர்களுடைய சாமியின் பெயரே மாறிவிட்டது. இன்னொரு பக்கம், பெயரை இழந்திருந்த ஒரு சிலைக்கு அதன் அடையாளம் திரும்பக் கிடைத்தது.

தமிழ்நாட்டில் வயல் ஓரத்திலும் ஆலமரத்தடியிலும் பெயர் தெரியாத கற்சிலைகள் இன்னும் இருக்கின்றன. அடுத்த முறை ஒன்றைப் பார்த்தால் கிட்டப் போய் அதன் முடி, காது, கை, ஆடை நான்கையும் கவனியுங்கள். அது யார் என்று அந்தச் சிலையே சொல்லக்கூடும்.