பக்கமும் பதிவேடும்: கணிப்பொறி தன் நினைவகத்தை ஆளும் முறை

பகுதி ஒன்று தமிழ் வகுப்பு முடிந்து வெளிவந்தபோது, கணிப்பொறி அறிவியல் முதலாண்டு மாணவர் ஒருவர் என்னை வழிமறித்து, “ஐயா, ‘பேஜ் டேபிள்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?” என வினவினார். “பக்க அட்டவணை” என்று உடனே விடையிறுத்துவிட்டேன். “அது என்ன செய்கிறது, ஐயா?” என்பது அவருடைய அடுத்த வினா. அதற்கு என்னிடம் விடை இல்லை. சொல்லைப் பெயர்த்துக் கொடுத்துவிட்டுப் பொருள் அறியாது நிற்பது தமிழ் கற்பிப்போர்க்கு அழகன்று. தமிழ்வழிப் பள்ளியில் பயின்று வந்த அம்மாணவர், புரியாத ஆங்கில விடையை அப்படியே மனப்பாடம் செய்து தேர்வெழுதினார் என்பதைப் பின்னர் அறிந்தேன். அச்செய்தி உறுத்தியதால், கணிப்பொறித் துறை நண்பர்களிடம் கேட்டும் நூல்களைப் பயின்றும் நான் உணர்ந்துகொண்டதை ஈண்டு எழுத முற்படுகின்றேன்.

கணிப்பொறியின் நினைவகம் வரிசையாக எண்ணிடப்பட்ட சிற்றறைகளின் தொகுதி. ஒவ்வோர் அறையிலும் ஒரு பைட்டு அடங்கும். அறையின் எண்ணே அதன் முகவரி. ஒரே பொறியில் ஒரே வேளையில் பல நிரல்கள் ஓடுகின்றன. அவற்றுள் இரண்டு ஒரே அறையில் எழுதத் தலைப்பட்டால் ஒன்றன் செய்தியை மற்றொன்று அழித்துவிடும். எனவே, நிரல் தன் வாயால் கூறும் முகவரி வேறு, செய்தி உண்மையில் தங்கியிருக்கும் அறையின் முகவரி வேறு எனப் பிரித்துவைத்தனர். முன்னதை மெய்நிகர் முகவரி என்றும் பின்னதை மெய்ம்முகவரி என்றும் வழங்கலாம். முன்னதைப் பின்னதாக மாற்றித் தரும் பதிவேடே பக்க அட்டவணை.

நம் கல்லூரித் தேர்வு நாளை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். தமிழ்த்துறையில் 12ஆம் எண்ணுடைய மாணவர் உண்டு. வேதியியல் துறையிலும் 12ஆம் எண்ணுடைய மாணவர் உண்டு. இருவரும் ஒரே இருக்கையில் அமர்வதில்லை. துறைக்கொரு இருக்கைப் பட்டியல் இருக்கிறது; அதில் 12 என்பதற்கு நேராக எந்தக் கூடம், எந்த இருக்கை என எழுதப்பட்டிருக்கிறது. 12க்குப் பக்கத்து இருக்கையில் 13 இருந்தாக வேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை. துறை என்பதை நிரல் என்றும், மாணவர் எண்ணை மெய்நிகர்ப் பக்கம் என்றும், இருக்கையை மெய்ந்நினைவகம் என்றும் கொள்க. பட்டியலை எழுதும் முதன்மைக் கண்காணிப்பாளரே இயக்கமுறைமையின் கெர்னல். கெர்னல் என்பதற்கு வித்தின் உள்ளிருக்கும் பருப்பு என்பது நேர்ப்பொருள். ‘கருநிரல்’ எனச் சிலர் ஆண்டுவருகின்றனர்; அச்சொல் எனக்கு உவப்பானதே.

இவ்வமைப்பை முதன்முதலாகச் செய்து காட்டியது இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகம். டாம் கில்பர்ன் தலைமையிலான குழுவினர் ஃபெராண்டி நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கிய ‘அட்லஸ்’ என்னும் கணிப்பொறி 1962ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதில் விரைவான காந்த வளைய நினைவகம் 16,384 சொற்களுக்கு மட்டுமே இடமளித்தது. மெதுவாகச் சுழலும் காந்த உருளையில் அதைப்போல் ஆறு மடங்கு இடமிருந்தது. நிரல் எழுதுவோர், எதனை எப்போது உருளையிலிருந்து எடுத்து வளையத்தில் வைப்பது என்று தாமே திட்டமிட வேண்டியிருந்த காலம் அது. கில்பர்ன் குழுவினர் நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக வகுத்து, அந்த ஏற்றி இறக்கும் வேலையைப் பொறியிடமே ஒப்படைத்துவிட்டனர். நிரலின் கண்ணுக்கு இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய நினைவகமாகத் தோன்றிற்று. எந்தப் பக்கத்தை வெளியேற்றலாம் என்பதை, பக்கங்களின் பழைய பயன்பாட்டைக் கவனித்து முடிவு செய்யும் ஒரு நிரலும் அதனுள் இருந்தது.

இன்றைய முறையும் அடிப்படையில் அதுவே. நிரல் கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லையெனில் பொறி ‘பக்கப் பிழை’ என்னும் அறிவிப்பை எழுப்புகிறது. பெயர்தான் பிழை, பெரும்பாலும் அது பிழையன்று. கருநிரல் அவ்வறிவிப்பைக் கேட்டு, வட்டிலிருந்து பக்கத்தைக் கொணர்ந்தோ வெற்றுப் பக்கம் ஒன்றைக் கொடுத்தோ, அட்டவணையில் பதிந்து, நிரலை விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்கிறது. நிரல் இடைநிறுத்தத்தை உணர்வதே இல்லை. தனக்கு உரிமையில்லாத முகவரியை அது நாடியிருந்தால் மட்டுமே கருநிரல் அதனை நிறுத்திவிடுகிறது.

இனி அட்டவணையின் அளவுக்கு வருவோம். இன்டெல் நிறுவனம் 1985இல் வெளியிட்ட 80386 செயலியில் ஒரு பக்கம் 4 கிலோபைட்டு, அதாவது 4,096 பைட்டு. அவ்வளவே இன்றும் பெரும்பாலான பொறிகளில் நிலைத்துவிட்டது. இன்றைய 64 பிட் செயலிகள் பலவற்றில் ஒரு நிரலின் மெய்நிகர் முகவரி 48 பிட் நீளமுடையது. இம்முகவரிகள் அனைத்தையும் 4 கிலோபைட்டுப் பக்கங்களாக வகுத்தால் ஏறத்தாழ 6,872 கோடிப் பக்கங்கள் கிடைக்கும். பக்கத்துக்கு 8 பைட்டு வீதம் ஒரே நீண்ட பட்டியலாக எழுதினால் ஒரு நிரலின் பட்டியலுக்கு மட்டும் 512 ஜிகாபைட்டு வேண்டும். வீட்டைவிடக் கதவு பெரிதாகிவிடும்!

ஆகவே பட்டியலை நான்கு அடுக்காக்கினர். முகவரியின் கடைசி 12 பிட்டுகள் பக்கத்துக்குள் இருக்கும் இடத்தைக் குறிக்கும். எஞ்சிய 36 பிட்டுகள் ஒன்பது ஒன்பதாக நான்கு கூறுகளாகும். முதற்கூறு முதல் அட்டவணையில் ஒரு வரியைச் சுட்ட, அவ்வரி இரண்டாம் அட்டவணை இருக்குமிடத்தைக் காட்டும். அவ்வாறே மூன்றாவது, நான்காவது. ஒவ்வோர் அட்டவணையிலும் 512 வரிகள். வரிக்கு 8 பைட்டு. பெருக்கிப் பார்த்தால் சரியாக 4,096 பைட்டு. அட்டவணையே ஒரு பக்கத்துள் அடங்கிவிடுகிறது. இக்கணக்கின் ஒழுங்கைக் கண்டு நான் வியந்தேன். நிரல் தொடாத பகுதிகளுக்குக் கீழடுக்கு அட்டவணைகளை எழுதவே வேண்டியதில்லை என்பதே இம்முறையின் பெரும்பயன். பெரும்பொறிகளுக்கு 48 பிட்டும் போதாமற்போகவே, ஐந்தாம் அடுக்கும் சேர்க்கப்பட்டது. லினக்ஸ் கருநிரலின் 4.14ஆம் பதிப்பு (2017) அதனை ஏற்றது.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு முகவரியைக் காண நான்கு அட்டவணைகளைப் புரட்டினால், ஒருமுறை நினைவகத்தை நாட வேண்டிய இடத்தில் ஐந்துமுறை நாட நேரும். இதற்காகச் செயலியின் உள்ளேயே, ‘டிஎல்பி’ எனச் சுருக்கமாக அழைக்கப்பெறும் சிறு குறிப்பேடு வைக்கப்பட்டுள்ளது. அண்மையில் தேடிக் கண்ட முகவரிகள் அதில் எழுதப்பட்டிருக்கும். பலமுறை வந்து கேட்கும் மாணவரின் இருக்கையைக் கூடக் கண்காணிப்பாளர் பட்டியலைப் பாராமலே கூறுவது போன்றது இது. ஆயின் அக்குறிப்பேடு மிகச் சிறிது. 2015இல் வந்த இன்டெலின் ஸ்கைலேக் செயலியில் அதன் இரண்டாம் நிலையில் 1,536 வரிகள். வரிக்கு 4 கிலோபைட்டு வீதம் அது 6 மெகாபைட்டையே தழுவும். பல ஜிகாபைட்டுத் தரவுகளில் அங்குமிங்கும் தேடும் தரவுத்தளம் போன்ற நிரல்களுக்கு இது எம்மாத்திரம்?

பெரும்பக்கங்கள் இங்குதான் வருகின்றன. மூன்றாம் அடுக்கிலேயே தேடலை நிறுத்திக்கொண்டு, அவ்வரி நேராக 2 மெகாபைட்டு நிலப்பரப்பைச் சுட்டுமாறு செய்யலாம். இரண்டாம் அடுக்கில் நிறுத்தினால் பக்கம் ஒரு ஜிகாபைட்டாகும். “12 முதல் 60 வரை மூன்றாம் கூடம்” என ஒரே வரியில் அறிவிப்பது போன்றது இது. அதே 1,536 வரிகள் இப்போது 3 ஜிகாபைட்டைத் தழுவுகின்றன. ஒரு ஜிகாபைட்டுத் தரவுக்கு 2,62,144 சிறுபக்க வரிகள் வேண்டிய இடத்தில் 512 வரிகள் போதும்.

அவ்வாறாயின் எல்லாவற்றையும் பெரும்பக்கமாக்கிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றிற்று. ஆனால், ஒரு துறை முழுவதையும் ஒரே கூடத்தில் அமர்த்த, அக்கூடம் முழுதும் ஒருசேரக் காலியாக இருத்தல் வேண்டும். நெடுநேரம் ஓடிய பொறியில் காலியிடம் மொத்தத்தில் மிகுதியாயிருந்தும், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். அடுத்தடுத்த 512 சிறுபக்கங்கள், அதுவும் உரிய எல்லையில் தொடங்குவன, கிடைப்பது அரிது. லினக்ஸ் முதலில் இதற்கு எளிய வழியொன்றைக் கண்டது: மேலாளர் முன்கூட்டியே பெரும்பக்கங்களை ஒதுக்கிவைக்க வேண்டும். ஒதுக்கியதை வேறெவரும் தொட முடியாது, பயன்படாவிடின் வீண்தான்.

2011இல் வெளிவந்த 2.6.38ஆம் பதிப்பில், நிரலோ மேலாளரோ எதுவும் செய்யாமலே கருநிரல் தானாகப் பெரும்பக்கங்களை வழங்கும் முறை புகுந்தது. இதனைப் படைத்தவர் ஆண்ட்ரியா ஆர்காஞ்செலி. பின்னணியில் ஓர் ஊழியன் உலவி, சிறுபக்கங்களைத் திரட்டி ஒன்றாக்குகிறான். சிதறிய பக்கங்களை ஒருபுறம் நகர்த்தி இடம் பண்ணும் வேலையும் நிகழ்கிறது. நல்ல ஏற்பாடுதான்; எனினும் அதனால் வந்த தொல்லைகளும் உண்டு. இடம் பண்ணும்வரை நிரல் காத்திருக்க நேரலாம். சில பைட்டுகளே தேவைப்பட்ட நிரலுக்கு 2 மெகாபைட்டு போய்ச்சேரலாம். ‘ரெடிஸ்’ என்னும் தரவுத்தளம் தன் படியைச் சேமிக்கும்போது தன்னைப் போன்ற மற்றொரு நிரலைப் பிறப்பித்து, இருவரும் பக்கங்களைப் பகிர்ந்துகொள்வர். ஒருவர் எழுதத் தொடங்கும் பக்கம் மட்டும் படியெடுக்கப்படும். பெரும்பக்கமாயின் ஒரு சொல்லை மாற்றவும் 2 மெகாபைட்டைப் படியெடுக்க வேண்டும். அதனால் ரெடிஸ் ஆவணங்களே இவ்வசதியை நிறுத்திவைக்குமாறு அறிவுறுத்துகின்றன.

இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட அளவுகளை நாடுவது அண்மைக்காலப் போக்கு. லினக்ஸின் 6.8ஆம் பதிப்பு (2024) 64 கிலோபைட்டு போன்ற நடுத்தர அளவுகளுக்கு வழிதிறந்தது. அதற்கு முன், 2022 ஜனவரியில் வந்த 5.16ஆம் பதிப்பில், பக்கங்களின் தொகுதியை ஒன்றாகக் கையாளும் அமைப்புக்கு ‘ஃபோலியோ’ எனப் பெயரிட்டுள்ளனர். இது சுவடியியலார்க்கும் அச்சகத்தார்க்கும் பழகிய சொல். இலக்கமிட்ட ஏடு என்பது பொருள். நம் ஓலைச்சுவடிகளிலும் ஏட்டின் ஓரத்தில் எண் உண்டு. கட்டு அவிழ்ந்து ஏடுகள் கலைந்தாலும் அவ்வெண்ணே வரிசையை மீட்டுத் தருகிறது. கருநிரல் எழுதுவோர் இச்சொல்லைத் தேடி எடுத்தது எனக்குத் தனி மகிழ்ச்சி.

பக்க அட்டவணை இடத்தை மட்டும் காட்டுவதன்று, காவலும் அதுவே. ஒவ்வொரு வரியிலும் எழுதலாமா, படிக்க மட்டுமா, கருநிரலுக்கு மட்டும் உரியதா என்னும் குறிகள் உள்ளன. நெடுங்காலம் கருநிரலின் பக்கங்களும் ஒவ்வொரு நிரலின் அட்டவணையிலும் எழுதப்பட்டிருந்தன. ‘உனக்கு அனுமதி இல்லை’ என்னும் குறியே அவற்றைக் காத்தது. 2018 ஜனவரியில் வெளிப்பட்ட ‘மெல்ட்டவுன்’ என்னும் குறைபாடு அந்நம்பிக்கையைத் தகர்த்தது. இன்டெலின் பல செயலிகள், அனுமதிக் குறியின் விளைவு நிலைபெறுமுன்பே உள்ளடக்கத்தை ஊகமாக எடுத்துப் பயன்படுத்திவிட்டுப் பின்னர் கைவிட்டன. கைவிட்டதன் சுவடு மட்டும் எஞ்சி நின்றது. அச்சுவடு கொண்டு கடவுச்சொற்களையும் பிறவற்றையும் படித்துவிட இயலும் எனக் காட்டப்பட்டது. மாற்றாக, நிரல் ஓடும்போது ஓர் அட்டவணை, கருநிரல் ஓடும்போது மற்றோர் அட்டவணை என இரண்டாகப் பிரித்தனர். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் முன்னரே ஆய்ந்து வைத்திருந்த வழி அது. ஒவ்வொரு முறையும் அட்டவணை மாறுவதால் பொறியின் வேகம் ஓரளவு குறைந்தது.

அம்மாணவரை அண்மையில் ஆய்வகத்தில் சந்தித்தேன். லினக்ஸ் பொறி ஒன்றில் ‘மெம்இன்ஃபோ’ என்னும் கோப்பைத் திறந்து காட்டினார். ‘பேஜ்டேபிள்ஸ்’ என்னும் வரி, அட்டவணைகள் மட்டும் எவ்வளவு இடம் கொண்டுள்ளன என்பதைக் கூறிற்று; ‘ஹியூஜ்பேஜ்சைஸ்’ என்பதற்கு நேரே 2048 என்று இருந்தது. இணைய உலாவியில் மேலும் சில பக்கங்களைத் திறந்துவிட்டு மீண்டும் பார்க்க, முதல் வரியின் எண் கூடியிருந்தது. ஏன் கூடிற்று என்பதை அவரே எனக்குத் தமிழில் விளக்கினார்.