வாங்க வருபவர் யாசகர் அல்லர்

தன்னாமுனையிலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்பு நகருக்கு வந்திருந்த ஒரு வயோதிபத் தாயை அண்மையில் நகரக் கடையொன்றில் காண நேர்ந்தது. அவர் கையிலிருந்த பையில் ஒரு றைஸ் குக்கர். வாங்கிய சில நாட்களிலேயே அது பழுதாகிவிட்டது. அதனை மாற்றித் தருமாறு கேட்பதற்காக அவர் அன்று வந்தது மூன்றாவது தடவை. முதல் தடவை "முதலாளி இல்லை" என்றார்கள். இரண்டாம் தடவை பற்றுச்சீட்டு எங்கே என்றார்கள். பற்றுச்சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்த மூன்றாம் தடவை, "கொம்பனிக்கு அனுப்ப வேணும் அம்மா, ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்றது பதில். பதில் சொன்ன இளைஞர் தமது கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. அந்தத் தாய் ஒரு சொல்லும் பேசாது வெளியேறினார். மூன்று பயணங்களுக்கான பஸ் கட்டணத்தையும் மூன்று நாள் வேலையையும் அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

இதனை ஒரு சிறிய விடயம் என்று ஒதுக்கிவிட நம்மில் பலருக்கு மனம் வரும். போரையும் ஆழிப்பேரலையையும் வெள்ளத்தையும் கண்ட மாவட்டத்தில் ஒரு குக்கருக்காக ஆசிரிய தலையங்கமா என்று கேட்பவர்களும் இருப்பர். ஆயினும் அன்றாடம் உழைத்து அன்றாடம் செலவிடும் ஒரு குடும்பத்திற்கு, அரச அலுவலகத்தின் வாசலிலும் பார்க்கக் கடையின் வாசலே அதிகம் மிதிக்கப்படும் இடம். அங்கு கிடைக்கும் மரியாதையும் நீதியுமே அக்குடும்பம் இச்சமூகத்திடமிருந்து பெறும் மரியாதையும் நீதியும் ஆகும்.

தன்னாமுனை, மட்டக்களப்பு நகருக்கும் ஏறாவூருக்கும் இடையில், திருகோணமலை வீதியை அண்டி, வாவிக் கரையில் அமைந்த கிராமம். தெற்கே சத்துருக்கொண்டானும் வடக்கே மயிலம்பாவெளியும் அதன் அயல். உப்பு, புளி, மிளகாய்க்கு ஊருக்குள் சிறு பலசரக்குக் கடைகள் போதும். மின்சாதனம், தளபாடம், கட்டடப் பொருள், பெருநாள் புடைவை என்று வரும்போது ஒன்றில் நகருக்குச் செல்லவேண்டும், அன்றேல் ஏறாவூருக்குச் செல்லவேண்டும். எனவே இவ்வூர் மக்கள் தமிழ் வர்த்தகரிடமும் முஸ்லிம் வர்த்தகரிடமும் சமமாகவே கொள்வனவு செய்கின்றனர். அவர்கள் சொல்லும் குறைகளும் இரு இடத்துக்கும் பொதுவானவை. விலை ஒட்டப்படாத பொருள், கேட்டால் மட்டும் எழுதித் தரப்படும் துண்டு, மீதிச் சில்லறைக்குப் பதிலாகக் கையில் திணிக்கப்படும் ரொபி, திகதி கடந்த பிஸ்கட், விற்கும்வரை தேனாகவும் விற்ற பின்னர் தேளாகவும் மாறும் பேச்சு என்பனவே அவை.

இந்த மனப்பாங்கு எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொள்வது அவசியம். தட்டுப்பாடு நிலவிய காலங்களே இதன் விளைநிலம். 1970களின் முற்பகுதியில் பங்கீட்டு அட்டையுடன் கூட்டுறவுக் கடையின் முன்னால் விடியற்காலையிலேயே வரிசையில் நின்ற தலைமுறை இன்றும் நம்மிடையே உள்ளது. அன்று தராசைப் பிடித்தவர் விற்பவராகத் தோன்றவில்லை, கொடுப்பவராகத் தோன்றினார். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. தென்னிலங்கையில் கடைகள் பெருகிப் போட்டி உருவானது. கிழக்கிலோ அந்தப் போட்டி வேரூன்றுமுன் போர் வந்து சேர்ந்தது. சோதனைச் சாவடிகளும் பொருட் கட்டுப்பாடுகளும் நிலவிய ஆண்டுகளில், செங்கலடி கறுத்தப்பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைக்கு ஒரு பொருள் போவதே பெரும்பாடாக இருந்தது. கிடைத்ததே பெரிது என்று வாங்கிப் பழகிய மக்களுக்கு, தரத்தைப் பற்றிக் கேட்கும் துணிவு எங்கிருந்து வரும்? 2007இல் கிழக்கில் போர் ஓய்ந்து, வீதிகள் திறந்து, நகரில் பெரிய அங்காடிகள் தோன்றிய பின்னர் நிலைமை சற்று மாறியது. ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடி பழைய வரிசைகளைத் திரும்பக் கொண்டுவந்தது. எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் காத்து நின்ற மக்கள், கடைக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கத்துக்கு மீண்டும் தள்ளப்பட்டனர்.

இன்னுமொரு காரணமும் உண்டு. அது கணக்குக் கொப்பி. கூலி வேலையிலும் வாவி மீன்பிடியிலும் தங்கியிருக்கும் குடும்பங்கள் மாதத்தின் பாதி நாட்களைக் கடனிலேயே கடத்துகின்றன. ஊர்க் கடைக்காரர் அந்த வகையில் ஓர் உபகாரி என்பதை நாம் மறுக்கவில்லை. வங்கி கொடுக்காத கடனை, பிணை கேட்காது, வட்டி கேட்காது கொடுப்பவர் அவர். ஆனால் கொப்பியில் பெயர் உள்ளவர் அரிசியில் கல் இருக்கிறது என்று வாய் திறக்க முடியாது. கடன் கொடுத்தவரிடம் தரம் கேட்க நா எழாது. இந்த மௌனத்தைத் திருப்தி என்று வர்த்தகர் தப்பாக எண்ணிவிடக் கூடாது.

விற்பனைக் கவுண்டரின் மறுபக்கத்தில் நிற்கும் ஊழியரையும் நாம் மறந்துவிடலாகாது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்திற்கு 45 மணித்தியாலம் என்று சாதாரண வேலை நேரத்தை வரையறுத்துள்ளது. விடியற்காலை கதவு திறந்தது முதல் இரவு பூட்டும் வரை, உட்கார ஓர் ஆசனமுமின்றி, சொற்ப சம்பளத்துக்கு நிற்கும் பிள்ளையிடம் இன்முகத்தை எதிர்பார்ப்பது எளிது, கிடைப்பதுதான் கடினம். அந்தத் தாயிடம் முகம் கொடுத்துப் பேசாத இளைஞருக்கு, பழுதான பொருளை மாற்றிக் கொடுக்கும் அதிகாரத்தை அவரது முதலாளி வழங்கியிருக்கவும் மாட்டார். தட்டிக் கழிப்பதற்கு மட்டுமே அவருக்கு அனுமதி உண்டு. குற்றம் அங்கிருந்தே தொடங்குகின்றது.

சட்டம் இவ்விடயத்தில் வாய் மூடியிருக்கவில்லை என்பதைப் பலர் அறியார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், அதற்கு முன்னிருந்த 1979ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை நீக்கி, புதியதோர் அதிகார சபையை உருவாக்கியது. வர்த்தகர் தமது கடையில் எல்லோருக்கும் தெரியக்கூடிய இடத்தில் விலைப்பட்டியலைக் காட்சிப்படுத்த வேண்டும் என்றும், வாங்குபவர் கேட்டால் பற்றுச்சீட்டு வழங்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கின்றது. கையிருப்பில் உள்ள பொருளை விற்க மறுப்பதும், இல்லையென்று மறைப்பதும், பதுக்குவதும் குற்றங்கள். பொய்யான தகவலைக் கூறி விற்பதும் குற்றமே. 32ஆம் பிரிவு சேவைகளுக்கும் பொருந்துவது. குளிரூட்டியைத் திருத்துபவராயினும் கைத்தொலைபேசியைத் திருத்துபவராயினும், உரிய கவனத்துடனும் திறமையுடனும் அச்சேவையைச் செய்வார் என்ற உத்தரவாதம், எழுதப்படாவிட்டாலும் அங்கு இருப்பதாகவே சட்டம் கொள்கின்றது.

றைஸ் குக்கருடன் அலைந்த தாய்க்குப் பயன்படுவது 13ஆம் பிரிவு. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு அமையாத பொருள் விற்கப்பட்டால், அது குறித்து அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். விசாரணையின் பின்னர் நட்டஈடு கொடுக்குமாறோ, பொருளை மாற்றிக் கொடுக்குமாறோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறோ கட்டளையிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கின்றது. முறைப்பாடு மூன்று மாத காலத்துக்குள் செய்யப்பட வேண்டும். "ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்ற பதிலின் ஆபத்து இதிலேயே அடங்கியுள்ளது. அப்படி இரண்டு மூன்று முறை அலைக்கழிக்கப்பட்டால், வாங்கியவரின் உரிமை அவர் அறியாமலேயே காலாவதியாகிவிடும். ஆகவே முதல் தடவை தட்டிக் கழிக்கப்பட்டவுடனேயே, பற்றுச்சீட்டின் பிரதியுடன் முறைப்பாட்டை எழுதி அனுப்புவதே புத்திசாலித்தனம். அதிகார சபையின் 1977 என்ற துரித தொலைபேசி இலக்கத்துக்கும் அழைத்து வழி கேட்கலாம்.

"விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்று சுவரில் எழுதி வைப்பதாலோ பற்றுச்சீட்டின் அடியில் அச்சிடுவதாலோ பாராளுமன்றம் இயற்றிய சட்டம் கரைந்துவிடாது. வாங்கியவர் தமது நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க வருவது வேறு. பழுதான பொருளுடன் வருவது வேறு. முன்னதில் வர்த்தகரின் பெருந்தன்மை பேசும். பின்னதில் சட்டம் பேசும்.

உச்ச சில்லறை விலை மீறப்படும்போது தண்டனை இன்னும் கடுமையானது. 2021ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், தனிநபர் வர்த்தகருக்கு 1 இலட்சம் முதல் 5 இலட்சம் ரூபா வரையும், நிறுவனத்துக்கு 5 இலட்சம் முதல் 50 இலட்சம் ரூபா வரையும் தண்டப்பணத்தை உயர்த்தியது. 2024 டிசம்பரில் நாட்டரிசி கிலோ ஒன்றுக்கு 230 ரூபா என உச்ச விலை குறிக்கப்பட்டபோது, பல கடைகளில் அவ்வரிசி கண்ணில் படாமற் போனதை நாம் கண்டோம். தண்டம் மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதற்கு அது சான்று. ஆலையிலும் மொத்த வியாபாரியிடமும் கூடிய விலைக்கு வாங்கிய சிறு கடைக்காரர், தண்டத்துக்கு அஞ்சி விற்பனையையே நிறுத்தினார். சட்டம் கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்து இழுத்தால் சங்கிலி அறும் என்பதை அதிகாரிகளும் உணரவேண்டும்.

இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் சட்டம், மாவட்டம், மாநிலம், தேசியம் என மூன்று படிகளில் நுகர்வோருக்கென்றே மன்றங்களை ஏற்படுத்தியது. 2019இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் அந்த அமைப்பைப் பேணுகின்றது. நமது நாட்டில் அத்தகைய மாவட்ட மன்றங்கள் இல்லை. அதிகார சபையின் அலுவலர்கள் சிலரே ஒரு மாவட்டம் முழுவதையும் பார்க்கவேண்டியுள்ளது. அவர்களது சோதனை, பெருநாள் காலத்தில் நகரக் கடைகளோடு நின்றுவிடாது கிராமங்களையும் எட்டவேண்டும். பிரதேச செயலகங்களில் மாதத்தில் ஒரு நாளேனும் தமிழ் மொழியில் முறைப்பாடுகளை ஏற்கும் ஏற்பாடு செய்யப்படுமாயின், எழுத்தறிவு குறைந்தவர்களும் பயன் பெறுவர். தராசுகள் உரியவாறு முத்திரையிடப்பட்டுள்ளனவா என்று அளவீட்டு அலகுகள் திணைக்களமும், திகதி கடந்த உணவு விற்கப்படுகின்றதா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் பார்ப்பது அவர்களது கடமை.

இவை யாவற்றிலும் மேலான ஓர் அபாயத்தையும் நாம் சுட்டிக்காட்டியாக வேண்டும். இம்மாவட்டத்தில் ஒரு கடைக்காரர் மீதான கோபம் அந்தக் கடையுடன் நிற்பதில்லை. வாங்கியவர் தமிழராகவும் விற்றவர் முஸ்லிமாகவும் இருந்துவிட்டால், அல்லது அது மறுதலையாக இருந்துவிட்டால், "அவர்கள் இப்படித்தான்" என்ற வார்த்தை வந்து விழுகின்றது. ஒரு குக்கரின் பழுது ஓர் இனத்தின் பழுதாகிவிடுகின்றது. 1990இல் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சத்துருக்கொண்டானிலும் சிந்திய இரத்தத்தின் நினைவு ஆறாத மண் இது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததன் பின்னர், கடைகளைப் புறக்கணிக்குமாறு விடுக்கப்பட்ட கோரிக்கைகளையும் நாம் மறக்கவில்லை. அத்தகைய புறக்கணிப்பினால் எந்தக் குற்றவாளியும் தண்டிக்கப்படவில்லை. நட்டமடைந்தவர்கள் நாட்கூலிக்கு நின்ற விற்பனையாளர்களும், தூரக் கடைக்குச் சென்று கூடிய விலை கொடுத்த ஏழைகளுமே.

பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இவ்விரு சமூகங்களையும் மேடைகளில் வர்ணிப்பவர்கள் பலர். அந்த உவமை உண்மையாவது மேடையில் அன்று; சந்தையில். தன்னாமுனையின் மீனும் ஏறாவூரின் புடைவையும் கைமாறும் இடத்தில் தராசு சரியாக நின்றால் உறவும் நிற்கும். ஒரு முறைப்பாட்டை முறைப்பாடாகவே ஏற்று உடனுக்குடன் தீர்க்கும் வர்த்தகர், தமது வாடிக்கையாளரை மட்டுமன்றித் தமது சமூகத்தின் நற்பெயரையும் காப்பாற்றுகின்றார்.

இதற்கு நாம் அந்நிய நாட்டு முகாமைத்துவ நூல்களைத் தேடவேண்டியதில்லை. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வணிகம் என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்துள்ளார். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்தே திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் தொடங்குகின்றது. தானியக் குவியலினுள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு, அதனை ஏன் மேலே தெரியும்படி வைக்கவில்லை என்று வியாபாரியை நபிகள் நாயகம் கேட்டதாக ஹதீஸ் கூறுகின்றது. கள்ளத்தராசு இறைவனுக்கு அருவருப்பானது என்கிறது விவிலியம். குறையை மறைத்து விற்காதே என்ற ஒரே பாடத்தைக் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் போதிக்கும்போது, கடை வாசலில் அதனைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்வது எவ்வகையில் நியாயம்?

மட்டக்களப்பு, ஏறாவூர், காத்தான்குடி வர்த்தக சங்கங்கள் ஒன்றாக அமர்ந்து ஓர் எளிய ஒழுங்கை ஏற்படுத்தலாம். விலை எழுதப்பட வேண்டும். பற்றுச்சீட்டு கேளாமலே வழங்கப்பட வேண்டும். பழுதான பொருள் ஒரு வாரத்துக்குள் திருத்தியோ மாற்றியோ கொடுக்கப்பட வேண்டும். தீராத முறைப்பாட்டை இரு சமூகத்தவரும் அடங்கிய ஒரு சிறு குழு விசாரிக்க வேண்டும். இதற்குப் பெருஞ் செலவு எதுவும் இல்லை. நுகர்வோரும் தம் பங்குக்குப் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறவும், அதனைப் பத்திரப்படுத்தவும், விற்பனையாளரிடம் தாமும் மரியாதையாகப் பேசவும் பழக வேண்டும்.

அந்தத் தாய் நான்காவது தடவையும் பஸ் ஏறி வருவார். அன்றைக்கு அவருக்கு முதலில் ஓர் ஆசனமும், அதன் பின்னர் ஒரு நேரான பதிலும் கிடைக்கவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.