வயலுக்கு வேண்டாத நஞ்சு கழிப்பறைக்கு மட்டும் எதற்கு?

நிலத்தில் ஒரு சொட்டு ரசாயனம் விழக்கூடாது என்று வருஷக்கணக்காகப் பாடுபடுகிற நம்மில் பலர் வீட்டிலும் கழிப்பறை மூலையில் ஆசிட் பாட்டில் நிற்கிறது. பக்கத்தில் பினாயில். ஊற்றினோம், தேய்த்தோம், பளிச்சென்று ஆச்சு என்று வெளியே வந்துவிடுகிறோம். ஊற்றியது எங்கே போகிறது? கொல்லையில் இருக்கிற குழிக்கு. குழியிலிருந்து மண்ணுக்கு. அதே மண்ணில்தான் கிணறு இருக்கிறது, முருங்கை நிற்கிறது.

இன்னொரு பக்கம் தண்ணீர். சொட்டுநீர் போட்டு, மூடாக்கு போட்டு வயலில் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடிக்கிறோம். வீட்டில் பொத்தானை அழுத்தினால் ஒரு வாளித் தண்ணீர் போய்விடுகிறது.

இந்த இரண்டும் தனித்தனிப் பிரச்சினை கிடையாது. நாற்றமும் கறையும் இருக்கும் கழிப்பறையில்தான் மனசு ஆறாமல் வாளி வாளியாக ஊற்றுகிறோம். தினமும் லேசாகச் சுத்தம் செய்த கழிப்பறைக்குக் கொஞ்சத் தண்ணீரே போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்க

வீட்டில் 5 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 தடவை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 25 தடவை. பிளஷ் தொட்டி 10 லிட்டர் என்றால் 250 லிட்டர் போகிறது. இந்த 25-ல் 20 தடவை சிறுநீருக்கு மட்டும். அதற்கு ஒரு சொம்புத் தண்ணீர், அதாவது 1 லிட்டர் போதும். மற்ற 5 தடவைக்கு 5 லிட்டர் வீதம் ஊற்றினாலும், எல்லாம் சேர்த்து 45 லிட்டர்தான். மிச்சம் 205 லிட்டர். ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய 75,000 லிட்டர்.

சொட்டுநீரில் ஒரு வாழைக்கு, வளர்ச்சிக்குத் தக்கபடி, நாளொன்றுக்கு 15 முதல் 25 லிட்டர் விடுகிறோம். கழிப்பறையில் மிச்சமாகும் தண்ணீர் பத்து வாழைக்கு ஆகும். கோடையில் கிணறு வற்றும்போது இது சின்ன விஷயம் இல்லை.

ஊற்றுகிற விதம்

• உட்காரும் முன் அரைச் சொம்புத் தண்ணீரை விட்டுப் பீங்கானை நனைத்துவிடுங்கள். காய்ந்த பீங்கானில் மலம் ஒட்டிக்கொள்ளும். அதைத் தள்ளத்தான் பாதித் தண்ணீர் செலவாகிறது.

• ஊற்றும்போது கொஞ்சங்கொஞ்சமாக விடாமல், சிறு வாளியால் ஒரே வீச்சில் ஊற்றுங்கள். தள்ளுவது தண்ணீரின் வேகம்.

• துணி அலசிய இரண்டாம் தண்ணீர், அரிசி காய்கறி கழுவிய தண்ணீர் இதற்குத் தாராளமாகப் போதும். அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள், தேங்கினால் நாறும், கொசு வைக்கும். பிளஷ் தொட்டிக்குள் இதை ஊற்ற வேண்டாம். சோப்பு அழுக்கு படிந்து வால்வு கெடும்.

• பிளஷ் தொட்டி இருந்தால் 1 லிட்டர் பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் மணலும் நிரப்பி, மூடியை இறுக்கி, மிதவையில் இடிக்காமல் உள்ளே வையுங்கள். ஒவ்வொரு தடவையும் 1 லிட்டர் மிச்சம். செங்கல் வைக்காதீர்கள், கரைந்து அடைத்துக்கொள்ளும். பாட்டில் வைத்தபின் இரண்டு தடவை அழுத்த வேண்டி வந்தால், உங்கள் கோப்பைக்கு அது சரிப்படவில்லை, எடுத்துவிடுங்கள்.

• தொட்டியில் சொட்டு நீலம் கொஞ்சம் விட்டு அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் பாருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒரு ரப்பர் வாஷரில் தீர்கிற வேலையாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மிச்சம் பிடிக்கிறேன் என்று மலத்துக்கும் ஒரே சொம்பு ஊற்றினால், கோப்பைக்கும் குழிக்கும் நடுவில் குழாய் அடைத்துக்கொள்ளும். குழாய் நீளமாக இருந்தால் 20 அடிக்கு அரை அடியாவது சரிவு வேண்டும். சரிவு குறைவான பழைய வீடுகளில் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டித்தான் ஊற்ற வேண்டும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. 1970-ல் பிந்தேஷ்வர் பாதக் பீகாரில் தொடங்கிய சுலப் இயக்கம் பரப்பிய கழிப்பறையில் கோப்பை செங்குத்தான சரிவோடு இருக்கும். தண்ணீர் தேங்கும் வளைகுழாயில் நீர்மட்டம் 20 மில்லிமீட்டர்தான். அதனால் ஒன்றரை முதல் இரண்டு லிட்டரில் எல்லாம் போய்விடும். ஊரகக் கழிப்பறைக் கோப்பை என்று கேட்டால் கிடைக்கும். விலையும் குறைவு.

நாற்றம் எங்கிருந்து வருகிறது?

சிறுநீரில் யூரியா இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்ததுதான். நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியா ஆக்குகின்றன. மூக்கைத் துளைக்கிற நெடி அதுதான். அம்மோனியா காரத்தன்மை உள்ளது. புளிப்பு பட்டால் அடங்கும். மஞ்சள் கறையும் அப்படித்தான். போர் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் சிறுநீரின் உப்புகளும் சேர்ந்து படிவதே அந்தக் கறை. அதையும் புளிப்பு கரைக்கும்.

கடையில் விற்கும் கழிப்பறைத் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறையைச் சட்டென்று எடுப்பது உண்மைதான். கூடவே டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமெண்டையும் அரிக்கும், கண்ணையும் மூச்சையும் எரிக்கும். அதே வேலையைச் சாதுவான புளிப்பு கொஞ்சம் மெதுவாகச் செய்யும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டிலேயே செய்யலாம்

பழத்தோல் நொதிக்கரைசல்: வெல்லம் 100 கிராம், எலுமிச்சை, நார்த்தை, சாத்துக்குடித் தோல் 300 கிராம், தண்ணீர் 1 லிட்டர். 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி நிழலில் வையுங்கள். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கும். முதல் மாதம் தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து வாயுவை விடுங்கள். 3 மாதத்தில் தயார். வடிகட்டிய சக்கையை உரக்குழியில் போடலாம்.

தினமும் அரை கிளாஸ் கரைசலைக் கோப்பையைச் சுற்றி விட்டு, பத்து நிமிஷம் கழித்து பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு சொம்புத் தண்ணீர் விட்டால் போதும். கெட்டியான கறைக்கு ராத்திரி படுக்கும் முன் ஒரு கிளாஸ் விட்டு, காலையில் தேயுங்கள். கம்பி நாரால் தேய்க்காதீர்கள். பீங்கானில் கீறல் விழுந்தால் அழுக்கு அதில்தான் குடியேறும்.

கரைசல் தயாராகும் வரை புளித்த மோரோ, புளிச்சக்கையை ஊறவைத்து வடிகட்டிய தண்ணீரோ போதும். தரைக்கும் சுவருக்கும் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் நன்றாக நுரைத்து அழுக்கை எடுக்கும்.

அடுப்புச் சாம்பலைப் பலர் சொல்வார்கள். பிசுக்குப் பிடித்த தரைக்கு அது நல்லது. ஆனால் சாம்பல் காரம். சிறுநீர் நெடி உள்ள இடத்தில் போட்டால் நெடி கூடத்தான் செய்யும். புளிப்பையும் சாம்பலையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும், இரண்டும் வீண்.

இந்தக் கரைசல்கள் அழுக்கையும் கறையையும் நெடியையும் எடுக்கும். நோய்க்கிருமியை ஒழிக்கும் மருந்தாக நம்பிவிட வேண்டாம். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால், அந்தச் சில நாள் மட்டும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் தாழ்ப்பாள், குழாய்த் திருகு, தரை ஆகியவற்றைத் துடைப்பது அவசியம். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ நம் புளிப்புக் கரைசலையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. எந்த நாளும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதற்கு மாற்று கிடையாது.

குழியும் உயிருள்ள மண்தான்

குழியில் விழுவதை மட்க வைப்பது நுண்ணுயிர்கள். ஆசிட்டும் பினாயிலும் அடிக்கடி போனால் அவை சாகும்; மட்காத கசடு சேரும்; குழி சீக்கிரம் நிரம்பும். தண்ணீர் அளவுக்கு மீறிப் போனாலும் கெடுதல்தான். மண் உறிஞ்ச முடியாமல் குழி ததும்பும். கழிவுநீர் நிலத்தடி நீரை நோக்கி இறங்கும்.

நிரம்பிய குழியை யார் சுத்தம் செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். மனிதர் கையால் மலம் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இருந்தும் குழிக்குள் இறங்கி நச்சுவாயுவில் சாகிறவர்கள் செய்தி இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது. நம் வீட்டுக் குழிக்குள் ஒரு மனிதர் இறங்கும் நிலை வரக்கூடாது.

இடம் இருந்தால் இரட்டைக் குழி வையுங்கள். கிணற்றிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி இருக்கட்டும். ஒன்று நிரம்பியதும் அடைத்துவிட்டு மற்றதற்குத் திருப்பினால், இரண்டு வருஷத்தில் முதல் குழியில் இருப்பது நாற்றமில்லாத மட்கு. அதை மரங்களுக்கு வைக்கலாம். கீரைக்கும் பச்சையாகத் தின்கிற காய்க்கும் வேண்டாம். நாப்கின், பிளாஸ்டிக், துணி எதுவும் குழிக்குள் போகக் கூடாது.

தண்ணீரே ஊற்றாத வழியும் நம் ஊரில் நடந்திருக்கிறது. திருச்சி மாவட்டம் முசிறிப் பகுதியில் ஸ்கோப் தொண்டு நிறுவனம் சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் எகோசான் கழிப்பறைகளைக் கட்டியது. அதை முன்னின்று நடத்திய மராச்சி சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அங்கே மலத்தின் மேல் சாம்பல் தூவி மூடி மட்க வைப்பார்கள். சிறுநீர் தனியாகச் சேர்ந்து உரமாகும்.

எல்லோரும் நாளைக்கே அப்படிக் கட்டிவிட முடியாது. இந்த வாரம் எலுமிச்சை பிழிந்த தோலைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வையுங்கள். கழிப்பறைக்குள் ஒரு சொம்பையும் ஒரு சிறு வாளியையும் வையுங்கள். சிறுநீருக்குச் சொம்பு, மலத்துக்கு வாளி என்று பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். ஆசிட் பாட்டில் தீர்ந்தால் அடுத்தது வாங்க வேணாம்.